எல்லைப்புறப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழ் மக்கள் கணிசமாக வாழ்கின்றனர். அங்குள்ள தமிழ்வழி மாணவர்களும் மாநிலத்தின் பிற மாணவர்களைப் போலவே தகவல் தொழில்நுட்பத்தைப் பாடமாகப் பயில்கின்றனர். இவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் அளிக்கக்கூடிய பயன் யாது, அதற்கு வேண்டிய நிர்வாகம் யாது என்பன ஆராயத்தக்கவை.

தோற்றமும் வளர்ச்சியும்

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் குனு திட்டத்தை அறிவித்தார். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். இவ்விரண்டின் இணைப்பே குனு/லினக்ஸ் இயக்க முறைமை. இதனைப் பயன்படுத்தவும், ஆராயவும், மாற்றவும், பிறருக்கு வழங்கவும் எவருக்கும் உரிமையுண்டு.

கேரள அரசு 2001-ல் ஐ.டி.@ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. 2017-ல் இத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. உபுண்டு 18.04 பதிப்பைத் தழுவிய இயக்க முறைமையை 2019-ல் வெளியிட்டபோது, இதனால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என அந்நிறுவனம் மதிப்பிட்டது.

மொழியும் பராமரிப்பும்

ஒரே கணிப்பொறியில் ஒவ்வொரு பயனர் கணக்கிற்கும் தனி மொழியை அமைக்கலாம். ஒரு மாணவன் மலையாளத்திலும் அடுத்தவன் தமிழிலும் பணிபுரிய, கூடுதல் உரிமக் கட்டணம் இல்லை. மொழிபெயர்ப்பில் குறை காணின், அதனைத் திருத்தும் உரிமையும் பயனர்க்கு உண்டு. எண்ணிக்கையில் சிறிய மொழிப் பிரிவினருக்கு இது பெரிய வாய்ப்பாகும்.

ஆயின், விலையில்லாதது செலவில்லாதது ஆகாது. கோப்பின் உரிமையாளர், குழு, பிறர் ஆகிய மூவகையினருக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் அனுமதிகள் தனித்தனியே வகுக்கப்படுகின்றன. மென்பொருளை நிறுவும் அதிகாரம் நிர்வாகிக்கு மட்டுமே உரியது. நிர்வாகியின் கடவுச்சொல்லை எல்லா மாணவர்க்கும் அளித்தால் இப்பாதுகாப்பு வீணாகும். ஆசிரியர் எவரும் அறியாதிருந்தாலோ சிறு பழுதுக்கும் கணிப்பொறி முடங்கும். மேலும், உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்குப் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் ஐந்தாண்டுகளுக்கே கிடைப்பதால், புதுப்பித்தலையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

செய்ய வேண்டுவன

மலைப்பகுதிப் பள்ளிக்கு நகரிலிருந்து தொழில்நுட்பர் வந்து சேர நாட்கள் பிடிக்கலாம். எனவே பள்ளிதோறும் குறைந்தது இரு ஆசிரியர்களேனும் நிர்வாகப் பயிற்சி பெறுதல் நலம். தமிழ்வழி ஆசிரியர்க்கு அப்பயிற்சியும் கையேடும் தமிழிலேயே அமைதல் வேண்டும். 2018-ல் தொடங்கப்பட்ட 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களும் அவர்களுக்குத் துணைபுரியலாம். உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையில் ஒரு சிறு பங்கையேனும் இப்பயிற்சிக்கு ஒதுக்கினால்தான், மென்பொருள் தரும் உரிமை எல்லைப்புறக் குழந்தையின் கைக்கும் எட்டும்.