தொடங்கும் நாள் எது?

உழவர் ஒருவர் புதிய சாகுபடி முறையொன்றைக் கேள்வியுறுகிறார். அது நல்லதென்று அவருடைய அறிவு கூறுகிறது. எனினும், "நம்மால் இது ஆகுமா? அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்வோம்" என்று மனம் பின்வாங்குகிறது. பஞ்சாயத்துக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற உறுப்பினரின் நிலையும் இதுவே. "சட்டம் தெரியாது, கணக்குத் தெரியாது, யாவற்றையும் கற்றுக்கொண்ட பிறகு பேசலாம்" என்று அவர் கூட்டத்தில் வாய் திறவாது அமர்ந்திருக்கிறார். இவ்விருவரும் சோம்பர் அல்லர்; தம் ஆற்றலில் ஐயம் கொண்டவர்கள். ஐயம் முற்றும் தீர்ந்த பின்னரே தொடங்குவது என்று நாள் குறித்திருப்பவர்கள். அந்த நாள் எப்பொழுது வரும் என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

ஐயம் இரு வகை

நமக்குத் தோன்றும் ஐயங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. கேட்டும் அளந்தும் தீர்த்துக்கொள்ளத்தக்கவை ஒரு வகை. விதை முளைக்குமா என்ற ஐயத்திற்கு 100 விதைகளை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்தால் சில நாள்களில் விடை கிடைத்துவிடும். சான்று பெற்ற நெல் விதையில் நூற்றுக்கு 80 ஆவது முளைத்தல் வேண்டும் என்பது விதி. மண்ணின் நிலையை மண் ஆய்வு கூறும். கிணற்றின் நீர் எத்தனை நாளைக்குப் போதும் என்பதைக் கோடையிலேயே கணக்கிடலாம். இத்தகைய ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளாமல் இறங்குவது துணிவு அன்று; அவசரமே ஆகும்.

மற்றொரு வகை, செய்து பார்த்தாலன்றித் தீராதவை. "என் கை இதற்குப் பழகுமா? என் வயலில் இது எடுபடுமா? நான் பேசினால் நாலு பேர் கேட்பார்களா?" என்பன அவ்வகையின. இவற்றுக்கு எந்த அதிகாரியும் எந்தப் புத்தகமும் விடை கூற இயலாது. எத்தனை ஆண்டுகள் காத்திருப்பினும் இவ்வையம் குறையாது. தொடங்கிய பின்னரே குறையும். இவ்விரு வகைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே நமது தயக்கத்திற்கு மூலகாரணமாகும்.

ஒற்றை நாற்று தரும் பாடம்

திருந்திய நெல் சாகுபடி என்று நாம் வழங்கும் முறையின் வரலாறு இதற்கு நல்ல சான்று. மடகாஸ்கர் தீவில் ஆன்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேளாண்மை கற்பித்து வந்தார். 1983ஆம் ஆண்டில், காலத்தின் நெருக்கடியால், 15 நாள் வயதே ஆன இளம் நாற்றுகளை அங்கே நட நேர்ந்தது. முதலில் அப்பயிர் நம்பிக்கை அளிக்கவில்லை. ஆனால் ஒரு மாதத்திற்குப் பின்னர் அது தூர் கட்டிப் பெருகியதைக் கண்டு யாவரும் வியந்தனர். அந்த அனுபவத்தினின்று வளர்ந்ததே இம்முறை.

நம் நாட்டு வயல்களிலும் இதே அனுபவம் உண்டு. இம்முறையில் 14 நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ. இடைவெளியில் நடுகிறோம். சதுர மீட்டருக்கு 16 குத்துகளே வரும். நட்ட முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு வயல் வெறுமையாகத் தோன்றும். அடுத்த வயலோ பச்சைப் பசேலென்று நிற்கும். வரப்பில் நடப்பவர்கள், "என்ன, நடவை மறந்துவிட்டீரா?" என்று நகைப்பதும் உண்டு. உழவரின் ஐயம் மிக வலுப்பெறும் வேளை இதுவே. ஆயினும் பயிர் பழுதுபடவில்லை, வேர் விட்டுக்கொண்டிருக்கிறது. களைக்கருவியை உரிய நாள்களில் உருட்டி வந்தால் தூர்கள் வெடித்து இடைவெளி நிரம்பிவிடும். தொடக்கத்தில் வெறுமையாகக் காண்பது தோல்வியின் அறிகுறி அன்று என்பதை இதனால் அறிகிறோம்.

சிறு அளவில் தொடங்குக

அப்படியாயின் உள்ள நிலம் அனைத்தையும் ஒரே முறையில் மாற்றிவிடலாமா? கூடாது. ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சோறு அந்த நிலத்தில் இருக்கிறது. கடன் வாங்கிப் பயிரிடும் குத்தகைதாரருக்கு ஒரு போகம் பொய்த்தால் மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே, அவருடைய அச்சத்தை அறியாமை என்று இகழ்வது தகாது.

இதற்கு வழி சிறு சோதனையே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2003-04ஆம் ஆண்டில் காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் இம்முறையைப் பரிசோதித்தபொழுது, உழவர்களின் வயல்களிலேயே பழைய முறையையும் புதிய முறையையும் அருகருகே வைத்துப் பார்த்தது. அதனை நாமும் செய்யலாம். ஓர் ஏக்கரில் 10 சென்டை மட்டும் ஒதுக்குக. இம்முறையில் ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதையே தேவை. ஆதலின் 10 சென்டுக்கு 300 கிராம் போதும். அது முற்றிலும் பொய்த்தாலும் இழப்பு பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. தாங்கத்தக்க இழப்பு எவ்வளவு என்று முதலில் கணக்கிட்டு, அந்த அளவில் தொடங்குவதே அறிவுடைமை.

பருவம் காத்திராது

தொடங்காமல் இருப்பதால் நட்டம் இல்லை என்று எண்ணுவது தவறு. மேட்டூர் அணை திறப்பதற்கு வழக்கமான நாள் ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்து அது முன்பின் ஆவதுண்டு. 2022இல் மே 24 அன்றே திறக்கப்பட்டது. தண்ணீர் வந்த பிறகு நாற்றங்காலைப் பற்றி யோசிக்கத் தொடங்குபவரின் குறுவை, அறுவடைக் காலத்தில் வடகிழக்குப் பருவமழையில் சிக்கிக்கொள்ளும். விதைக்கும் நாளை மனத்தின் தெளிவு குறிப்பதில்லை, பருவம் குறிக்கிறது. அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, கேட்க வேண்டியவற்றை அதற்குள் கேட்டு முடித்துவிட வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினருக்கு

பொதுப்பணிக்கும் பருவம் உண்டு. பஞ்சாயத்தின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். கற்றுக்கொள்வதிலேயே ஓராண்டு கழிந்தால் மக்கள் தந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி உள்ளாட்சி இடங்களில் 50 விழுக்காடு பெண்களுக்கு உரியது. வீட்டு வாயிலைத் தாண்டிப் பேசிப் பழகாத சகோதரிகள் பலர் இதனால் மன்றத்திற்கு வருகிறார்கள். "உனக்கு என்ன தெரியும்?" என்று பிறர் விதைக்கும் ஐயமும் அவர்களைச் சேர்கிறது. அவர்கள் தம் இருக்கையைக் கணவருக்கோ தமையனுக்கோ விட்டுக்கொடுத்தால் அந்த ஐயம் என்றும் தீராது.

தெரியாததை ஊராட்சிச் செயலரிடமும் பயிற்சி வகுப்புகளிலும் கேட்டறியலாம். அது முதல் வகை ஐயம். மற்றதற்கு ஒரு சிறு வேலையைத் தேர்ந்துகொள்க. தம் வார்டில் எரியாத தெருவிளக்குகள் எத்தனை, தண்ணீர் வராத குழாய்கள் எத்தனை என்று ஒரு மாலைப் பொழுதில் நடந்து எண்ணி எழுதுக. அந்தத் தாளை அடுத்த கூட்டத்தில் படிக்க எழுந்து நிற்பதே அவருடைய முதல் நடவு ஆகும். கிராம சபைக்கும் நாள்கள் குறிக்கப்பட்டுள்ளன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றுள் அடுத்து வருவதே தொடங்கும் நாள் என்று கொள்ளலாம்.

ஆகவே, எடுத்த நோக்கம் எதுவாயினும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்வோம். கேட்டுத் தீர்க்க வேண்டிய ஐயம் எது? தாங்கத்தக்க சிறு அளவு எது? பருவம் குறிக்கும் நாள் எது? இம்மூன்றும் எழுதப்பட்ட பின்னரும் மனத்தில் ஓர் அச்சம் எஞ்சியிருக்கும். அது இருக்கட்டும், வயலில் இறங்கிய கால்களுக்கு அது தடையாகாது.