கோட்டை காணும் நாளில் உணவுவேளை

நோய் கண்டபின் வெளியில் உண்ணலாகாது என்று கருதிக் குடும்பப் பயணங்களிலிருந்து தாமே விலகிக்கொள்வோர் பலர். அது தேவையற்ற இழப்பு. உணவகத்தில் எதை உண்பது என்பதைவிட எப்பொழுது உண்பது என்பதே நீரிழிவு உள்ளோருக்கு முதன்மையானது. செஞ்சிப் பயணம் ஒன்றைக் கொண்டு இதனைக் கற்போம்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு குடும்பத்தினர் காலையில் செஞ்சிக் கோட்டையைப் பார்த்துவிட்டு, மதிய உணவைப் புதுச்சேரிக் கடற்கரையில் உண்பதெனத் திட்டமிடுகின்றனர் எனக் கொள்வோம். நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்ளும் தந்தையார் எட்டு மணிக்கு இரண்டு இட்டலியும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளுடன் ராஜகிரியில் ஏறுகிறார். அம்மலை ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. இறங்கும்பொழுதே மணி ஒன்றாகிவிடுகிறது. புதுச்சேரியோ இன்னும் 70 கிலோமீட்டர் அளவில் உள்ளது. வண்டியில் அவருக்கு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சுக் குழறுகிறது. வெயில் களைப்பென்று எண்ணி உறங்கவிடுகின்றனர். உண்மையில் அது தாழ்சர்க்கரை. உயிருக்கே இடர் விளைவிக்கக்கூடியது.

காரணம் என்ன?

மலையேறும்பொழுது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை மிகுதியாகச் செலவிடுகின்றன. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும், உணவு வந்ததா இல்லையா என்று பாராமல் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கின்றன. உழைப்பு மிகுந்து உணவு தாமதமானால் அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கிவிடும்.

உடனே செய்ய வேண்டியவை

வண்டியை நிறுத்துங்கள். நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியையோ சர்க்கரையையோ நீரில் கரைத்துக் கொடுங்கள். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை உட்கொள்வோருக்குக் குளுக்கோஸே வேண்டும். சர்க்கரை விரைந்து பயன்தராது. பதினைந்து நிமிடம் கழித்து அளவு பாருங்கள். அப்பொழுதும் 70-க்குக் கீழிருந்தால் மீண்டும் ஒருமுறை கொடுங்கள். தேறியபின் உணவளியுங்கள். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

நாளை வகுக்கும் முறை

1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. இத்தகைய கோட்டைக்கு மதிலைப் போலவே தானியக் களஞ்சியமும் நீர்நிலையும் இன்றியமையாதவை. அக்களஞ்சியங்களை இன்றும் அங்கே காணலாம். முன்கூட்டிச் சேமித்துவைக்கும் அந்த அறிவே நமக்கும் வேண்டுவது.

- பயணத்திற்கு முன்பே மருத்துவரிடம் மலையேற்றம் குறித்துக் கேளுங்கள். மருந்தின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.
- பதினொரு மணிக்குச் சுண்டல் போன்ற சிற்றுண்டி கையில் இருக்கட்டும். குளுக்கோஸ் பொடி நோயாளியின் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.
- மதிய உணவைச் செஞ்சி ஊரிலேயே வழக்கமான வேளையில் முடியுங்கள். கடற்கரையை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.
- உணவுக்கு முன் போடும் விரைவு இன்சுலினை, உணவு மேசைக்கு வந்தபின்னரே போடுங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுச்செல்லாதீர்கள்.
- இதய நோயாளரும் மூட்டுவலி உள்ளோரும் மலையேற வேண்டியதில்லை. கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் அடிவாரக் கோட்டையிலேயே காணலாம்.

இலையின் முன்

இலையில் பாதியைப் பொரியலும் கூட்டும் நிரப்பட்டும், கால்பங்கு சோறு, கால்பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன். இரண்டாம் முறை கேட்பதானால் பொரியலைக் கேளுங்கள், சோற்றை அன்று. மாலையில் கடற்கரையில் மீன் உண்ண விரும்பினால், பொரித்ததைவிடக் குழம்பு மீன் நன்று.

உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விலக்கினாலே உப்பு பெரிதும் குறையும். நாள் முழுமைக்கும் ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை; அது ஒரு தேக்கரண்டி அளவே. பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளர், வழியில் விற்கும் இளநீரைத் தவிர்க்க வேண்டும். நீர் அளவு வரையறுக்கப்பட்டோர், அன்றைய அளவைப் புட்டியில் நிரப்பிக் கொண்டுசெல்லலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

பரிமாறுபவர் முன்னிலையில் "அப்பாவுக்கு அது கூடாது" என்று உரக்கச் சொல்வது அவர் மனத்தை நோகச்செய்யும். மறுமுறை அவர் பயணத்துக்கே வரமாட்டார். இலை போடும் முன்னரே தனியாகப் பேசி முடிவுசெய்யுங்கள். எல்லோரும் பொரியலைக் கூடுதலாகக் கேட்டால், அவர் மட்டும் நோயாளியாகத் தனித்துத் தெரியமாட்டார்.

மீள்பார்வை

1. உங்கள் மருந்து தாழ்சர்க்கரையை உண்டாக்கக்கூடியதா?
2. குளுக்கோஸ் பொடி யாரிடம், எங்கே உள்ளது?
3. அடுத்த பயணத்தில் மதிய உணவு எத்தனை மணிக்கு, எந்த ஊரில்?

முதல் வினாவுக்கு விடை தெரியாவிடில், அடுத்த வருகையின்போது மருந்துச் சீட்டுடன் எங்களைக் கேளுங்கள். மூன்றுக்கும் விடை இருப்பின், பெரியவரையும் அழைத்துக்கொண்டு அச்சமின்றிப் புறப்படுங்கள்.