பாஸ்போர்ட் மனுவில் இரண்டு பெயர்கள்

ஊரிலிருந்து தம்பியையோ மருமகனையோ கடைக்கு அழைத்துக்கொள்ள விரும்பும் வணிகர் முதலில் கேட்பது, “பாஸ்போர்ட் எடுத்துவிட்டாயா?” என்பதுதான். அந்த மனுவில் பிறந்த தேதிக்கும் தகப்பனார் பெயருக்கும் காட்டும் அக்கறையை, ‘ரெஃபரன்ஸ்’ கேட்கும் இடத்தில் நம்மவரில் அநேகர் காட்டுவதில்லை. நினைவுக்கு வந்த இரண்டு பெயர்களை எழுதிவிடுகிறார்கள். பிறகு விசாரணை தடைப்பட்டால், பிரயாணமும் தள்ளிப்போகிறது.

இந்தியப் பாஸ்போர்ட் மனு, இருவருடைய பெயர், விலாசம், டெலிபோன் எண் ஆகியவற்றைக் கேட்கிறது. மனுதாரரை நன்கறிந்து, விசாரித்தால் அவரைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் இவர்கள். இவர்கள் ஜாமீன்தாரர்கள் அல்லர். மனுவில் கையொப்பமிடுவதும் இல்லை. ஆகவே, கேட்டால் தயங்காமல் சம்மதிக்கலாம்.

யாரைப் போடுவது? ஐந்து காரியங்களைக் கவனியுங்கள்.

1. பெரிய மனிதரைத் தேடாதீர்கள். பையனை முகம் பார்த்தறியாத பிரமுகரைவிட, பத்து வருஷமாக அவனை அறிந்த பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்காரர் மேல்.

2. உறவினரைத் தவிர்ப்பது நலம். மாமனும் மச்சானும் நல்லதைத்தான் சொல்வார்கள் என்பது விசாரிக்கிறவருக்கும் தெரியும். கனடாவில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள்: ரெஃபரன்ஸ் கொடுக்கப்படுகிறவர் குடும்பத்தாராக இருக்கக்கூடாது, 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், குறைந்தது 2 வருஷமாவது மனுதாரரை அறிந்திருக்க வேண்டும். நமக்கும் இது நல்ல அளவுகோல்.

3. ஊரில் இருப்பவராகப் பாருங்கள். நம் ஊர்களில் பாதிப்பேர் சபராளிகள். போலீஸ்காரர் விசாரிக்க வரும் நாளில் நீங்கள் குறித்த அண்டைவீட்டார் பினாங்கில் இருந்தால் பயனென்ன?

4. இப்போது குடியிருக்கும் இடத்தைப் பாருங்கள். பையன் சென்னையில் தங்கி, அந்த விலாசத்தை மனுவில் எழுதியிருந்தால், அங்கேதான் விசாரணை நடக்கும். அங்கே அவனை அறிந்தவரின் பெயரே உதவும்.

5. எழுதுமுன் சம்மதம் கேளுங்கள். மனுவில் உள்ள முழுப் பெயரையும் அவரிடம் சொல்லுங்கள். ஊரில் ‘சின்னத்தம்பி’ என்றே வழங்கும் பிள்ளை, மனுவில் ‘முகம்மது இபுராகீம்’ ஆக இருப்பான். “அப்படி யாரும் இங்கே இல்லையே!” என்று அவர் கள்ளமின்றிச் சொல்லும் ஒரு வார்த்தை காரியத்தைக் கெடுத்துவிடும்.

சம்மதித்தவர் தமக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்ல வேண்டும். வெளியூரில் இருக்கும் பையனை “இங்கேதான் இருக்கிறான்” என்று சொல்வது உதவி ஆகாது. 1967-ம் வருஷத்திய இந்தியப் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, பாஸ்போர்ட் பெறுவதற்காகத் தெரிந்தே பொய்த் தகவல் தருவது குற்றம். 2 வருஷம் வரை சிறைத் தண்டனையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அவ்வாறு பெற்ற பாஸ்போர்ட்டைச் சர்க்கார் பறிமுதல் செய்யவும் இடமுண்டு.

புதிய ஆளுக்குக் கடன் சரக்குக் கொடுக்குமுன் அவனைப் பற்றி நாம் யாரிடம் விசாரிப்போம்? அவனோடு கொடுக்கல் வாங்கல் செய்து பழகியவரிடம்தானே! மனுவில் எழுதவேண்டியதும் அத்தகையவர் பெயரையே. இன்று ஊருக்குப் பேசும்போது, பையன் யார் யார் பெயரைக் கொடுக்கப்போகிறான் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.