ஊமத்தைப் பாடம்

அன்புள்ள மாணவிக்கு,

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத காரணத்தால் தாவர மரபியலை எடுத்துக்கொண்டதாகவும், இப்போது ஸ்டெம் செல்களைக் கொண்டு உடலுறுப்புகளைப் புதுப்பிக்கும் ஆராய்ச்சியில் மனம் செல்வதாகவும் எழுதி, அதற்காகப் படித்ததையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். கேள்வியில் குற்றமில்லை, அதன் அடியில் கிடக்கும் அபிப்பிராயம்தான் என்னை வருத்துகிறது. நாமக்கல் வட்டாரத்தில் விடுதிப் பள்ளிகள் பெருகிய நாள்முதல், டாக்டராகப் போகிறவர்கள், மற்றவர்கள் என்று பிள்ளைகளை இரண்டு ஜாதியாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் பெற்றோரிடையே வேரூன்றிவிட்டது. செடிகொடிகளைப் படிப்பது தோற்றவர்களுக்கு விட்டுவைத்த இடம் என்று, உன்னைப் போன்ற நல்ல புத்தியுள்ள குழந்தைகளே நம்பத் தலைப்பட்டிருக்கிறார்கள். இதற்கு நான் ஒருநாளும் உடன்படமாட்டேன்.

ஒரு தொழிலை ஏற்று, அதற்கென்றே உருமாறிவிட்ட உயிரணு, மறுபடியும் பழைய நிலைக்குத் திரும்பி ஒரு முழு உயிரை உண்டாக்க வல்லதா? நீ நாடிப் போகும் அந்த மருத்துவம் முழுவதும் இந்த ஒற்றைக் கேள்வியின்மேல் நிற்கிறது. 1902-லேயே இதைத் தெளிவாக எழுப்பி, தனித்த உயிரணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்க்க முயன்றவர் ஹேபர்லாண்ட் என்னும் ஆஸ்திரியத் தாவர சாஸ்திரி. அவருடைய முயற்சி பலிக்கவில்லை. கேள்வி மட்டும் நிலைத்தது. உங்கள் ஆத்தூர்ப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளியை நடும் விவசாயி அதற்குப் பாதி விடையை ஆண்டுதோறும் மண்ணில் ஊன்றிக்கொண்டிருக்கிறார். குச்சியின் கணுவில் கிளம்பும் முளையைப் பற்றி நான் சொல்லவில்லை. அந்த மொட்டு முன்பே அங்கே உறங்கிக்கொண்டிருந்தது. வெட்டுவாயைப் பார். வேரென்று ஒன்றே இல்லாதிருந்த தண்டுத் திசு, தன் பழைய தொழிலைக் கைவிட்டு, சில நாட்களில் வேராகிறது. ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்காரர்கள் விலங்கின் உயிரணுவிடம் இதைத்தான் பெரும்பாடுபட்டுக் கேட்டு வாங்குகிறார்கள்.

இனி ஊமத்தைக்கு வருகிறேன். சிவபெருமானுக்கு உகந்த மலர் என்று நம் சமய இலக்கியம் போற்றினாலும், சேலத்துக் குப்பைமேடுகளில் யாரும் ஏறெடுத்துப் பாராத இந்த விஷச்செடியின் இனத்தைப்போல் மரபியலுக்கு உபகாரம் செய்த தாவர இனங்கள் மிகச் சிலவே என்பது என் நெடுநாளைய கருத்து. 1922-ல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீ என்பவரும் அவருடைய துணைவர்களும், குரோமோசோம்களில் ஒரே ஒரு தொகுதியை மட்டும் கொண்ட பூக்கும் தாவரத்தை முதன்முதலாக ஊமத்தையில் கண்டார்கள். கால்சிசின் என்னும் மருந்தினால் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கலாம் என்று 1937-ல் அவர் காட்டியதிலும் ஊமத்தைக்கு முதன்மையான இடம் உண்டு. மிக இளம் பருவத்துக் கருக்களைத் தாய்ச்செடியிலிருந்து பிரித்தெடுத்து, தேங்காய் நீர் சேர்த்த ஊட்டக்கரைசலில் வளர்க்கலாம் என்று 1941-ல் வெளிப்பட்டதும் ஊமத்தைக் கருக்களைக் கொண்டுதான். (கால்சிசின் நம் செங்காந்தளிலும் மிகுதியாக உண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக்கொண்டு போகும் மலர்களுள் முதலில் நிற்பது அதுவே. அந்த வரிசையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்ததோடு நிறுத்திவிட்டாய் என்றால், மலர்களைக் கண்ணால் பார்த்த பிறகு ஒருமுறை மறுபடியும் படி.)

இந்த வரலாற்றின் சிகரம் 1964-ல், டெல்லிப் பல்கலைக்கழகத்தில், பஞ்சானன் மகேஸ்வரி வளர்த்தெடுத்த தாவரவியல் துறையில் நிகழ்ந்தது. முனைவர் பட்டம் பெற்று ஓராண்டே ஆகியிருந்த சிப்ரா குஹா என்ற இளம்பெண், குன்றல் பிரிவை ஆராயும் நோக்கத்துடன் ஊமத்தையின் மகரந்தப்பைகளை ஊட்டக்கரைசலில் இட்டு வைத்தார். சில வாரங்களில் அவற்றிலிருந்து கருக்கள் வெளிப்பட்டன. அவை மகரந்தப்பையின் சுவரிலிருந்து வந்தவை என்றுதான் எவரும் முதலில் எண்ணுவர். அவரும் எஸ்.சி. மகேஸ்வரியும் பொறுமையுடன் தொடர்ந்து ஆராய்ந்து, அவை மகரந்தத் துகள்களிலிருந்தே பிறந்தவை என்றும், 24 குரோமோசோம்கள் இருக்கவேண்டிய இடத்தில் 12 மட்டுமே கொண்டவை என்றும் நிலைநாட்டினார்கள். இதன் பொருளை நிதானித்துப் பார். கருவூட்டுவதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்டு, அந்தக் கடமை முடிந்ததும் அழியவேண்டிய ஆண் உயிரணு, தாயின் பங்கு ஏதுமின்றித் தானே ஒரு முழுச்செடியாகிறது! பல தலைமுறைகள் தன்மகரந்தச் சேர்க்கை செய்து பெறவேண்டிய தூய வழியை, அந்த 12-ஐக் கால்சிசினால் இரட்டிப்பாக்கி ஒரே தலைமுறையில் பெறும் உபாயம் பயிர் வளர்ப்பவர்களுக்கு அன்று கிடைத்தது. 1958-ல் ஸ்டூவர்ட் கேரட் திசுவிலிருந்து செடி எழுப்பியதை எல்லாப் பாடநூல்களும் சொல்லுகின்றன. சிப்ரா குஹாவை நம் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துபோவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

விலங்குகளின் கதையை நீ அறிவாய், சுருக்கமாகவே சொல்லுகிறேன். தவளைக் குஞ்சின் குடல் உயிரணுவின் உட்கருவைக் கொண்டு 1962-ல் கர்டன் இயல்பான தவளைக் குஞ்சை உண்டாக்கியதும், யமனாகா நான்கே மரபணுக்களால் 2006-ல் எலியின் உயிரணுக்களையும், மறு ஆண்டில் மனிதத் தோலின் உயிரணுக்களையும் ஆதிநிலைக்குத் திருப்பியதும், 2012-ல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் ஹேபர்லாண்டின் கேள்விக்கு வந்த விடைகளே. இரு துறைகளுக்கும் இடையில் சுவர் இருக்கிறது என்று உனக்கு யார் சொன்னார்கள்? உன் ஆய்வகத்தில் தண்டைத் தளிர்க்கச் செய்யப் பயன்படும் கைனெட்டின், 1955-ல் ஸ்கூக் குழுவினருக்கு மீனின் விந்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.விலிருந்து கிடைத்த பொருள். இது எதிர்த்திசையிலும் நடந்தது. பெட்டூனியாப் பூவின் ஊதாவை இன்னும் அழுத்தமாக்க நிறமரபணுவைக் கூட்டிச் செருகியபோது பூக்கள் வெளுத்துப்போன விந்தையை 1990-ல் ஜார்கென்சன் குழுவினர் வெளியிட்டார்கள். 1998-ல் ஃபையரும் மெல்லோவும் புழுக்களில், மரபணுவைச் செயலடக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டை விளக்கிய பிறகே அதன் மர்மம் துலங்கியது. 2018-ல் அது பரம்பரை நரம்பு நோய் ஒன்றுக்கு மருந்தாகவும் வந்தது. மரவள்ளியில் வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோயின் வைரஸை எதிர்த்துச் செடி கையாளும் ஆயுதமும் இதுவே. தேமல் கண்ட இலையை உங்கள் ஊரில் பிடுங்கி எறிகிறார்கள். அதன் நரம்புகளுக்கிடையில் நடக்கும் யுத்தத்தை அறிந்தவள் எந்த மருத்துவ ஆய்வகத்திலும் தலைநிமிர்ந்து உட்காரலாம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தார் 2024-ல் வெளியிட்ட ஆய்வை அவசியம் படி. ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐவரின் ரத்த மூல உயிரணுக்களை எடுத்து, குறைபட்ட 8-ஆம் உறைகாரணிக்குரிய மரபணுவை, வலுவிழக்கச் செய்யப்பட்ட ஒரு வைரஸின் வழியே அவற்றுள் செலுத்தி, அவரவர் உடலுக்கே திருப்பி அளித்தார்கள். கண்காணித்த காலம் முழுவதும் அவர்களுக்கு ரத்தப்போக்கு நேரவில்லை. இயற்கை வைத்திருக்கும் வாகனத்திலேயே மரபணுவை ஏற்றி அனுப்பும் இந்த யுக்தி உனக்குப் புதிதன்று. 1983 முதல் தாவர ஆராய்ச்சியாளர்கள் அக்ரோபாக்டீரியத்தைக் கொண்டு செய்துவருவது இதுவே அல்லவா? ஐவர் என்ற எண்ணையும் கவனித்துக்கொள். ஸ்டெம் செல்லினால் சர்க்கரை நோயும் மூட்டுவலியும் தீரும் என்று விளம்பரம் செய்கிறவர்களின் சொற்களை உன் கடிதத்தில் இரண்டு இடங்களில் கண்டேன். அவை இனி உன் எழுத்தில் வரக்கூடாது. ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு நிலைபெற்றுவிட்ட ரத்த மூல உயிரணு மாற்றுச் சிகிச்சை நீங்கலாக, மற்றவை பெரும்பாலும் சோதனை நிலையிலேயே இருக்கின்றன என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளில் நீயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே முதலிலிருந்து தொடங்கவேண்டாம். விலங்கு உயிரணு வளர்ப்பும், நோய் எதிர்ப்பியலும், புள்ளியியலும் உனக்குக் குறைவு. அவற்றை முதுகலைக் காலத்திலேயே கற்றுக்கொள். இவ்வாண்டு ஆய்வேட்டுக்கு மட்டும் நீ சொன்ன தலைப்பை விட்டுவிட்டு, ஊமத்தை மொட்டுகளைப் பருவம் பருவமாகப் பறித்து, மகரந்தத்தை அசிட்டோகார்மைனில் சாயமேற்றி, எந்தப் பருவத்தில் துகள் தன் வழியை மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கிறது என்று பார். விதையும் இலையும் கடும் விஷம்; கையுறை அணியாமல் தொடாதே. குஹாவும் மகேஸ்வரியும் 1964-லும் 1966-லும் எழுதிய கட்டுரைகளை முதலில் படித்துவிட்டு, கர்டனின் 1962 கட்டுரையை அவற்றின் பக்கத்தில் வைத்துப் படி. இரண்டிலும் எந்தச் சோதனை எந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது என்று தனித்தாளில் எழுதி, பொங்கல் விடுமுறைக்குள் எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் ஆசிரியர்