புயலுக்கு முன் ஒரு துறைமுகம்

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு, 'புரெவி' சூறாவளி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையைக் கடந்தது. ஊரே வீட்டுக்குள் அடங்கியிருக்க, என் வாப்பா மட்டும் காலையிலேயே மாற்றுடுப்புப் பையோடு துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். "புயல் வரும்போது கடலடியில் என்ன வேலை?" என்று நான் அழுதேன். உம்மா பதில் சொல்லவில்லை. தொழுகைப் பாயை விட்டு எழும்பவும் இல்லை. மறுநாள் திரும்பி வந்த வாப்பா சொன்னவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கப்பல்கள். கரையில் கட்டிய கப்பலே பாதுகாப்பானது என்று நினைத்திருந்தேன். அது பிழை. அலை கப்பலைத் தூக்கி இறங்குதுறையில் மோதவிடும். கயிறு அறுந்தால் கப்பல் வழியையே மறித்துவிடும். எனவே, எச்சரிக்கை கிடைத்ததும் பெரிய கப்பல்களை நேரத்தோடு வெளிக்கடலுக்கு அனுப்புவார்கள். அங்கே புயலின் பாதையை விட்டு விலகிச் செல்ல இடமுண்டு. போக முடியாதவற்றுக்கு மேலதிகக் கயிறுகள் போடுவார்கள். வெறுங்கப்பல் உயர்ந்து நின்று காற்றை வாங்கும் என்பதால், அதன் தாங்கிகளில் கடல்நீரை நிரப்பித் தாழ்த்துவார்கள்.

"கயிற்றை இறுக்கிக் கட்டினால் போதாதா வாப்பா?"

"போதாது மகள். தண்ணி ஏறினால் கப்பலும் ஏறும். அதுக்குக் கயிற்றில இடம் விடணும். கூட விட்டாலும் ஆபத்துத்தான்."

தண்ணீர் ஏன் ஏறுகிறது? வளியமுக்கம் 1 ஹெக்டோபஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் உயரும். காற்றும் நீரைக் கரைக்குத் தள்ளுவதால் அது இன்னும் கூடும்.

அடுத்தது பாரந்தூக்கிகள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். தண்டவாளத்தில் ஓடும் பாரந்தூக்கியைக் காற்றே உருட்டிச் சென்றுவிடும். ஆகவே கடல் பக்கம் நீண்ட கையை உயர்த்தி, சக்கரங்களைப் பூட்டி, தரையோடு பிணைக்கிறார்கள். 2003 செப்டெம்பரில் 'மேமி' சூறாவளி தென்கொரியாவின் பூசான் துறைமுகத்தில் 11 பாரந்தூக்கிகளை நாசமாக்கியது. வெற்றுக் கொள்கலன்களையும் காற்று சரித்துவிடும். அதனால் அடுக்குகளின் உயரத்தைக் குறைத்து, ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டுவார்கள்.

வடிகான்களைத் துப்புரவாக்குதல், இரசாயனப் பொருள்களை அகற்றுதல், பறக்கக்கூடிய பலகை, தகரங்களைப் பொறுக்கி வைத்தல் என்று வேலைகள் நீளும். அத்தனையும் காற்று பலக்கும் முன்னர் முடிய வேண்டும். ஏனென்றால் கடைசி வேலை, ஆட்களைத் துறையிலிருந்து அகற்றுவது. "புயல் வரும்போது ஜெட்டியில ஒருத்தரும் நிற்கக்கூடாது. அதுக்காகத்தான் காலையிலேயே போறது" என்றார் வாப்பா. அன்றிரவு நான் அழுதபோது, அவர் உள்ளே ஒரு கட்டடத்தில் பத்திரமாக இருந்திருக்கிறார்.

திருகோணமலையில் அன்று பயந்த அளவுக்கு அழிவு நேரவில்லை. "அப்போ நீங்க பட்ட பாடெல்லாம் வீண்தானே?" என்று கேட்டேன்.

வாப்பா சிரித்தார். கயிறு உரசிக் கன்றிப்போன உள்ளங்கையைத் தடவியபடி, "வீணாப் போனதுக்குச் சந்தோஷப்படணும் மகள்" என்றார்.