எல்லா டிஸ்க்கும் 'பெங்கோக்' இல்லை

முன் பிரேக்கைப் பிடித்தால் லிவர் விரலுக்கடியில் துடிக்கிறது என்று ஜொகூரில் ஒரு மோட்டார் பட்டறையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் வண்டியைத் தொடுவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "டிஸ்க் பெங்கோக்." மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று பேதமில்லாமல் எல்லாரும் ஒத்துப்போகிற சொல் அது. வளைந்துவிட்டது, மாற்று, காசைக் கொடு, அவ்வளவுதான்.

என் அக்காள் மகன் உலு திராமில் ஒருவரிடம் பழைய 150 சிசி வண்டி ஒன்றை வாங்கினான். வாங்கிய வாரமே துடிப்பு. பெங்கோக் என்றார்கள், புது டிஸ்க் போட்டான், துடிப்பு நின்றது. நாலு மாதம் கழித்து வாசலில் வந்து நின்று, "மாமா, இந்த டிஸ்க்கும் பெங்கோக்காம்" என்றான். விழவில்லை, எதிலும் மோதவில்லை. சும்மா ஓடிய எஃகுத் தகடு நாலே மாதத்தில் தானாக வளையுமா என்று அவனும் கேட்கவில்லை, பட்டறைக்காரரும் கேட்கவில்லை.

நம்பிக்கை: லிவர் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது

லிவர் ஏன் துடிக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பிரேக் பேடுகள் டிஸ்க்கை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்திருக்கும்போது, டிஸ்க்கின் கனமான பகுதி இடையில் நுழைந்தால் பேடு விலகும், பிஸ்டன் பின்னால் போகும், எண்ணெய் மேலே தள்ளப்படும், லிவர் விரலை உதைக்கும். மெலிந்த பகுதி வந்ததும் எல்லாம் திரும்பி வரும். ஆகவே விரலுக்குத் தெரிவது வளைவு அல்ல, கனத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு. மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு வித்தியாசம் இருந்தாலே போதும், கூர்மையான கை கண்டுபிடித்துவிடும்.

வெறும் வளைவு மட்டும் இருந்து, கனம் எங்கும் ஒன்றாக இருந்தால்? காப்சாய் எனும் நம் சிறு மோட்டார்களில், பேடுகளைப் பிடித்திருக்கும் கேலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகரும் வகை. டிஸ்க் இடம் வலமாக ஆடினால் கேலிப்பரும் அதோடு சேர்ந்து ஆடிவிடும், லிவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அந்தப் பின்கள் துருவும் சேறும் பிடித்து இறுகிவிட்டால்தான் வளைவு கைக்கு வரும். பத்து நிமிடம் ஒதுக்கிப் பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்குரிய கிரீஸைத் தடவினாலே துடிப்பு பாதியாகக் குறைந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

இந்த 'வளைந்த டிஸ்க்' கதையைக் கார் உலகில் போட்டு உடைத்தவர் கேரல் ஸ்மித். அறுபதுகளில் ஃபோர்டு ஜிடி40 பந்தயக் கார்களோடு உழைத்த அமெரிக்கப் பொறியாளர், 2003-இல் காலமானார். பந்தயத்தில் கழித்த அத்தனை ஆண்டுகளில் உண்மையாகவே வளைந்து போன டிஸ்க் ஒன்றையும் தாம் பார்த்ததில்லை என்று எழுதினார். பேடின் பொருள் சூட்டில் டிஸ்க்கின் மேல் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்வதைத்தான் நாம் வளைவு என்று நினைத்துக்கொள்கிறோம் என்பது அவர் வாதம்.

ஆனால் அவர் பேசியது கார்களின் தடித்த வார்ப்பிரும்பு டிஸ்க்கைப் பற்றி. நம் மோட்டார் டிஸ்க் நாலு மில்லிமீட்டர் சுமாருக்கு மெலிந்த துருப்பிடிக்காத எஃகு. அது வளையத்தான் செய்யும், ஆனால் யாராவது வளைத்தால். டிஸ்க் லாக்கைப் போட்டதை மறந்து வண்டியைக் கிளப்புவது, டயர் மாற்றும்போது சக்கரத்தை டிஸ்க் பக்கம் கீழே போட்டு அதன்மேல் ஏறி மிதிப்பது, ஒருமுறை விழுவது: பெரும்பாலும் இவைதான். அப்படி அடிபட்ட டிஸ்க், பிரேக் பிடிக்காதபோதும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை பேடில் 'ஷ்க்... ஷ்க்...' என்று உரசும். பேடுகளைப் பின்னால் தள்ளிவிடுவதால் முதல் பிடிக்கு லிவர் ஆழமாக இறங்கும். இந்த இரண்டும் இருந்தால் பெங்கோக் என்று நானும் ஒப்புக்கொள்வேன்.

நம்பிக்கை: புது டிஸ்க் போட்டால் தீர்ந்தது

அக்காள் மகன் வண்டிக்கு வருகிறேன். முன்னாள் சொந்தக்காரர் ரிம்மைத் தங்க நிறத்தில் பவுடர் கோட்டிங் செய்திருந்தார். அழகாகத்தான் இருந்தது. டிஸ்க்கைக் கழற்றியபோது, அது உட்காரும் ஹப்பின் முகத்திலும் அதே தங்கப்பூச்சு, ஒரு போல்ட் துளையின் பக்கம் மட்டும் திரண்டு நின்றது. பவுடர் கோட்டிங்கின் கனம் கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் கனம். ஆனால் டிஸ்க் அமரும் வட்டம் சிறியது, டிஸ்க்கின் விளிம்போ அதைப்போல் மூன்று மடங்கு வெளியே. அடியில் ஒரு முடி தூக்கினால் விளிம்பில் மூன்று முடி ஆட்டம்.

அந்த ஆட்டம் முதல் நாள் கைக்குத் தெரியாது. கேலிப்பர் சேர்ந்து ஆடிவிடும் என்று சொன்னேன் அல்லவா? தெரியாமல் வேறொரு வேலை நடக்கிறது. பிரேக்கை விட்டபிறகும் டிஸ்க்கின் துருத்திய பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை லேசாக உரசிப் போகிறது. அவனுக்கு வேலை சிங்கப்பூரின் துவாஸில், போகவர அறுபது கிலோமீட்டர். 17 அங்குல முன்சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர். ஒரு நாளைக்கு 33,000 சுற்று, நூறு வேலைநாளில் முப்பது லட்சத்துக்கு மேல். ஒரே இடத்தில் முப்பது லட்சம் உரசல் விழுந்தால் எஃகும் தேயும். நாலு மாதத்தில் துடிப்பு திரும்பியதற்குக் காரணம் இதுதான். பழைய டிஸ்க்கும் இப்படித்தான் செத்திருக்க வேண்டும்.

ஹப் முகத்தில் இருந்த பூச்சைச் சுரண்டி, வெறும் உலோகம் தெரியும்வரை துடைத்தோம். போல்ட் துளைகளைச் சுத்தம் செய்து, திருகுப் பசை போட்டு, எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினோம். தேய்ந்த டிஸ்க்குக்கு வழியில்லை, மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் பூச்சைச் சுரண்டாமல் மாற்றியிருந்தால் அடுத்த நாலாவது மாதம் மூன்றாவது டிஸ்க் வாங்கியிருப்பான். ரிம்முக்கு நிறம் அடிக்கிறவர்கள் டிஸ்க்கும் பேரிங்கும் உட்காரும் இடங்களை மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். பூச்சு இல்லாத வண்டிகளில் அதே வேலையைத் துருவும் பழைய திருகுப் பசையும் செய்யும்.

நம்பிக்கை: ஓடாமல் நின்ற வண்டி என்றால் புதிது மாதிரி

'மைலேஜ் கம்மி, வீட்டிலேயே நின்ற வண்டி' என்பது விற்பவர்களின் பிரியமான வாசகம். 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, 2022 ஏப்ரல் 1 வரை நாம் முன்போல் மோட்டாரில் சிங்கப்பூருக்குக் கடற்பாலம் தாண்ட முடியவில்லை. அந்த இரண்டு வருடமும் எத்தனையோ வண்டிகள் தாழ்வாரத்தில் நின்றன. நிற்கிற வண்டியில் பேடு, டிஸ்க்கின் ஒரே இடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஜொகூர் ஈரக்காற்று இடையில் புகுந்து அங்கே பேடின் வடிவத்திலேயே ஒரு கறையை விட்டுப் போகும். துருப்பிடிக்காத எஃகு என்பது பெயரளவில்தான்; பிரேக்குக்குப் பயன்படும் வகை லேசாகத் துரு பிடிக்கும்.

ஓடுகிற வண்டியிலும் திட்டு விழும். வேகமாக வந்து சிக்னலில் நின்று, சூடான டிஸ்க்கைப் பேடால் அழுத்திப் பிடித்தபடியே காத்திருந்தால் அந்த இடத்தில் பேடின் அச்சு பதியும். இந்த இரண்டு வகைக்கும் புது டிஸ்க் தேவையே இல்லை. கேலிப்பரைக் கழற்றி, டிஸ்க்கின் இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் வட்டம் வட்டமாகத் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். பேடுகளைக் கண்ணாடித் தட்டின் மேல் உப்புத்தாள் விரித்து, பளபளப்பு போகும்வரை தேயுங்கள். அந்தத் தூசியை வாயால் ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு வெறிச்சோடிய சாலையில் ஐம்பதிலிருந்து பத்துக்கு, இருபது தடவை மிதமாகப் பிடித்து விடுங்கள், முழுதாக நிற்காமல். இதற்குப் பிறகும் துடித்தால் அளக்கும் கருவியை எடுக்கலாம்.

அளப்பதில் ஒரு கண்ணி உண்டு. பேடு தொடாத விளிம்பில் டிஸ்க் தேயாமல் வரப்பு போல் நிற்கும். தட்டை வாய் வெர்னியரை வைத்தால் அது வரப்பைத்தான் அளக்கும், எல்லா இடமும் நல்ல எண் காட்டும். மைக்ரோமீட்டரை வரப்பைத் தாண்டி உள்ளே வைத்து, சுற்றிலும் எட்டு இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்சக் கனம் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். ஒரே ஓரிடம் அதற்குக் கீழே போயிருந்தாலும் டிஸ்க் குப்பைக்கு. பக்கவாட்டு ஆட்டத்துக்கு டயல் கேஜ் வேண்டும். கம்பெனிகள் தரும் எல்லை வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலும் 0.10 முதல் 0.30 மில்லிமீட்டர். கேஜ் இல்லாதவர்கள் ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டி, நுனியை டிஸ்க்குக்கு முடியளவு தள்ளி வெட்டிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினால், இடைவெளி திறந்து மூடுவது கண்ணுக்கே தெரியும்.

இனி, சுருக்கமாக முடிக்க வேண்டியவை.

'காற்று ஏறிவிட்டது, எண்ணெய் மாற்றினால் சரியாகும்.' ஆகாது. காற்று ஏறினால் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கும், துடிக்காது. எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் என்பது உண்மை. டாட் 4 எண்ணெயின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். மாற்றுவது நல்லது, ஆனால் துடிப்புக்காக அல்ல.

'சூடான டிஸ்க்கில் மழை பட்டால் வளையும்.' நம் ஊரில் மழை பெய்யாத மாதம் எது? அது உண்மையானால் பாசீர் கூடாங் நெடுஞ்சாலையில் ஒரு டிஸ்க்கும் நேராக இருக்காது.

'தட்டி நிமிர்த்தலாம், கடைசல் போடலாம்.' சுத்தியலால் தட்டிய டிஸ்க்கை நம்பி நான் ஏற மாட்டேன். கடைசல் போட, மெலிந்த டிஸ்க்கில் மிச்சம் எங்கே இருக்கிறது?

'துடித்தால் பிரேக்தான்.' இது கொஞ்சம் யோசிக்க வேண்டியது. முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் இரண்டு காலையும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். 'டக்' என்றால் ஹேண்டில் திரும்பும் கோன் செட் தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் பேரிங். இந்த இரண்டையும் பார்க்காமல் டிஸ்க்கை அளப்பது வீண் வேலை. ஏபிஎஸ் உள்ள வண்டியில் வழுக்கும் சாலையில் அழுத்திப் பிடிக்கும்போது மட்டும் வரும் படபடப்பு பழுதே அல்ல. பழைய ஈஎக்ஸ்5 போல டிரம் பிரேக் வண்டியா? கம்பிகளை ஒரு பக்கமாக இழுத்துக் கட்டியிருந்தால் டிரம்மே முட்டை வடிவாகி மிதியில் துடிப்பு வரும்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள், விற்பவரிடம் கேட்டுவிட்டு, ஆளில்லாத தெருவில் நாற்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து முன் பிரேக்கை மட்டும் இரண்டு விரலால் மெதுவாகப் பிடியுங்கள். வேகம் இருபதுக்கு இறங்கும்போது சக்கரம் விநாடிக்கு மூன்று சுற்று சுற்றும். துடிப்பும் அந்தக் கணக்கில் வந்து, வேகம் குறையக் குறையத் தானும் குறைந்தால், குற்றம் சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்றில் இருக்கிறது. பிறகு பின் பிரேக்கை மட்டும் வைத்து அதையே செய்யுங்கள்.

பட்டறையில் 'பெங்கோக்' என்றால் கோபிக்க வேண்டாம். "எத்தனை மில்லிமீட்டர், அண்ணே?" என்று மட்டும் கேளுங்கள். எண்ணைச் சொல்லாதவரிடம் டிஸ்க் வாங்காதீர்கள்.