மில்காரர் சொல்லிக்கொடுத்த மூச்சு

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. காலமெல்லாம் ஸ்பின்னிங் மில்லில் உழைத்தவருக்கு இப்போது குளித்துவிட்டு வந்தாலே மூச்சு வாங்குகிறது. இன்ஹேலர் பழகிவிடும் என்று தொடவே மாட்டேன் என்கிறார். நுரையீரல் நோயாளிகள் கூடும் எங்கள் குழுவுக்குக் கூப்பிட்டால், "நாலு சீக்காளிகளோட உட்கார்ந்து என்ன ஆகப்போகுது?" என்கிறார். இதற்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் ஒருவர் இருந்தார். என் நண்பர். போன ஐப்பசியில் காலமாகிவிட்டார்.

அவரும் கோவை மில் தொழிலாளிதான். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்ததிலிருந்து பஞ்சை நம்பிப் பிழைத்த ஊர் இது. பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில் அவருக்கு வேலை. வார லீவு முடிந்து மில்லுக்குள் நுழையும் நாளில் நெஞ்சைப் பிடித்து இறுக்குமாம். அடுத்தடுத்த நாளில் குறைந்துவிடுமாம். லீவு போட்டதால் உடம்பு சோம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயின் அடையாளமே அதுதான். முதலில் வாரத்தில் ஒரு நாள். கவனிக்காமல் விட்டு, தூசியிலேயே தொடர்ந்தால் எல்லா நாளும். கடைசியில் வேலையை விட்டாலும் இளைப்பு விடுவதில்லை.

மில்காரர்கள் பலரையும் போல அவரும் தினம் ஒரு துண்டு வெல்லம் தின்றார், தூசியை இறக்கிவிடும் என்று. பிற்பாடு குழுவுக்குப் புதிதாக வருபவர்களிடம் சொல்வார்: "வெல்லம் போறது வயித்துக்குங்க, தூசி போறது நுரையீரலுக்குங்க. ரெண்டும் சந்திக்கறதே இல்லீங்க."

ஒருநாள் ஒரு பெரியவர் வந்து, "இந்த மருந்து வேலை செய்யலைங்க" என்று இன்ஹேலரை மேசைமேல் வைத்தார். நண்பர் மறுத்துப் பேசவில்லை. "எப்படி அடிக்கறீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். பெரியவர் வாயைத் திறந்து ஒரு பஃப் அடித்துவிட்டு மூக்கால் மூச்சை இழுத்தார். மருந்தெல்லாம் நாக்கோடு நின்றுவிட்டது. நண்பர் தன்னுடையதை எடுத்தார். குலுக்கினார். மூச்சை முழுக்க வெளியே விட்டார். உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தினார். பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கிக் காட்டினார். பெரியவருக்குக் கைவரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் கருவிக்கு முறை வேறு. அதை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்தென்றால் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கக் கூட்டம் நிரம்பிய ஆஸ்பத்திரி ஓபியில் யாருக்கு நேரம் இருக்கிறது?

அப்பாவின் பயத்துக்கும் அவரிடம் பதில் இருந்தது. இன்ஹேலரில் வரும் சால்ப்யூட்டமால் மருந்து ஒரு பஃபில் 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையாக வந்தால் 4 மில்லிகிராம், நாற்பது மடங்கு. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றும். பஃப் நேராக நுரையீரலுக்குப் போகும். "எதுக்குங்க பயப்படணும்?" என்று கேட்பார். ஆனால் டாக்டர் எழுதிய மருந்தை மாற்றச் சொல்லியோ நிறுத்தச் சொல்லியோ ஒருவரிடமும் அவர் பேசியதில்லை. அந்த எல்லையை அவர் மீறாததை நான் மிகவும் மதிக்கிறேன்.

மூச்சு முட்டும்போது முன்னால் சாய்ந்து கையைத் தொடையில் ஊன்றுவது, சூடான டீயை ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து மெல்ல ஊதுவது, ஸ்டூலில் உட்கார்ந்து குளிப்பது எல்லாம் அவரிடம் கற்றவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்கும்படி டாக்டர் சொன்னவர்களுக்கு, நாளுக்கு 15 மணி நேரமாவது வைத்தால்தான் பலன் என்பதையும், அது ஓடும்போது அடுப்புப் பக்கமோ விளக்குப் பக்கமோ போகக்கூடாது என்பதையும் சலிக்காமல் சொல்வார்.

குழுவில் யாராவது இறந்தால் கட்டாயம் துக்கத்துக்குப் போவார். காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து மறுபடி போய், அந்த வீட்டில் சும்மா கிடக்கும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரைத் தயங்கித் தயங்கிக் கேட்பார். வாங்க வசதியில்லாத இன்னொரு வீட்டுக்கு அது ஆட்டோவில் போகும். கூடவே மூச்சு வாங்க வாங்க இவரும் போவார். வேண்டாம் என்று நாங்கள் தடுத்தால், "மிஷினை வெச்சுட்டு வந்துட்டா ஆச்சுங்களா? ஓட்டிக் காட்ட வேண்டாமா?" என்பார். அவருடைய மிஷினையும் அவர் மனைவி, நாங்கள் கேட்காமலே கொடுத்துவிட்டார்.

அவர் பேச்சு எடுபட்டதற்குக் காரணம், அவரும் மூச்சு வாங்கிக்கொண்டே பேசியதுதான். பாதி வாக்கியத்தில் நிறுத்தி, ஊதி, மீதியைச் சொல்வார். கேட்பவர்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள். நன்றாக இருக்கும் நாம் எவ்வளவு சொன்னாலும் அந்த நம்பிக்கை வராது, சகோதரி. உங்கள் அப்பாவுக்கும் உங்கள்மேல் கோபமில்லை. தன்னைப்போல இன்னொருவரை அவர் இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதும் பரிசோதனை இதுவரை செய்யாவிட்டால் நெஞ்சக டாக்டரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள். எந்த மில்லில், எந்தப் பிரிவில் வேலை பார்த்தார் என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு தடவை அப்பாவை எங்கள் குழுவுக்கு அழைத்து வாருங்கள். நோயாளிகள் கூட்டம் என்று சொல்ல வேண்டாம். பழைய மில்காரர்கள் நாலு பேர் வருகிறார்கள் என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதான்.

அன்புடன்.